தோற்ற படையும் அஞ்சல்தலையும்

உள்நாட்டுப் போரில் தோற்ற அரசுகள் சில, தாமே வெளியிட்ட அஞ்சல்தலைகளை வரலாற்றுத் தடயமாக விட்டுச் சென்றுள்ளன. 1861இல் அமெரிக்கத் தென்மாநிலக் கூட்டமைப்பு தன் தலைவர் ஜெபர்சன் டேவிசின் உருவம் பொறித்து வெளியிட்ட தலைகள் அவ்வகையின. தென்காசி வட்டாரத்தில் தோற்றவர்களுக்கு அஞ்சல்தலை வந்த வழி வேறு.

குற்றாலத்துக்கு வடக்கே மலையடிவாரத்தில் இருந்த மேற்குப் பாளையங்கள், அதாவது சொந்தக் கோட்டையும் படையும் உடைய குறுநிலத் தலைவர்களின் ஆட்சிப்பகுதிகள், நெற்கட்டும்செவல் பூலித்தேவரின் தலைமையில் திரண்டு, 1755 முதல் ஆற்காட்டு நவாபு முகமது அலிக்கும் அவருக்குத் துணைநின்ற கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் வரி கொடுக்க மறுத்துப் போரிட்டன. இதை வெள்ளையர் எதிர்ப்பு என்று மட்டும் சொல்லி முடித்துவிட இயலாது. நவாபின் அண்ணன் மாபூஸ்கானே பின்னர் பூலித்தேவர் பக்கம் சேர்ந்தார், கம்பெனிப் படையை நடத்திவந்த யூசுப்கானோ தமிழ் மண்ணில் பிறந்தவர். முதலில் பூலித்தேவரோடு உறவு கொண்டிருந்த திருவிதாங்கூர் மன்னர், களக்காட்டுப் பகுதியைத் தருவதாகச் சொல்லப்பட்டதும் 1759இல் யூசுப்கானோடு இணைந்தார். வாசுதேவநல்லூர் மண்கோட்டை அப்போது நடந்த முற்றுகையைத் தாங்கி நின்றபோதிலும், 1761 மே மாதத்தில் நெற்கட்டும்செவல், பனையூர்க் கோட்டைகளோடு சேர்ந்து அதுவும் வீழ்ந்தது. வென்ற யூசுப்கானையும் 1764இல் நவாபு தூக்கிலிட்டார் என்பது இக்கதையின் கசப்பான பகுதி.

அணி மாறிய திருவிதாங்கூர், 1888இல் அஞ்சல் என்ற தன் தபால் துறைக்குச் சங்கு முத்திரையிட்ட தலைகளை வெளியிட்டது. குற்றாலத்தை அடுத்த செங்கோட்டை அன்று அவ்வரசின் பகுதியாகவே இருந்தது. தோற்றவர்களோ, கம்பெனியின் தபாலிலிருந்து வளர்ந்த இந்திய அஞ்சல் துறையின் வழியாகவே தலைகளில் இடம்பெற்றனர். பின்னாளில் கம்பெனியை எதிர்த்த பாளையத் தலைவர் கட்டபொம்மனுக்கு, அவர் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்ட இருநூறாம் ஆண்டில், 1999இல் தலை வந்தது. பூலித்தேவரின் தளபதி ஒண்டிவீரனுக்கு 2022 ஆகஸ்ட் 20 அன்று வெளியாயிற்று.

ஆங்கிலேயரின் படைக்குறிப்புகள் பாளையத் தலைவர்களின் பெயர்களையே மிகுதியும் சுமந்திருக்க, ஒண்டிவீரனின் நினைவை வாய்மொழி வழக்கும் அருந்ததியர் சமூகமுமே காத்துவந்தன. ஆகவே அந்தத் தலையில் உள்ள உருவம் ஓவியரின் கற்பனையே. அதை 18ஆம் நூற்றாண்டுக்கான சான்றாக அன்றி, இன்றைய தமிழகத்தில் எந்தச் சமூகம் தன் முன்னோரை வரலாற்றில் ஏற்றுவித்தது என்பதற்கான ஆவணமாகவே கொள்ள வேண்டும்.