ஈய ஓரிடத்தான் பகுப்பாய்வு

ஈய ஓரிடத்தான் பகுப்பாய்வு என்பது, பழங்கால உலோகப் பொருள்கள் எப்பகுதியின் தாதுவில் இருந்து உருவாக்கப்பட்டிருக்கலாம் என்பதை அறிய உதவும் ஓர் அறிவியல் முறை ஆகும். பழங்காலச் செம்பு, வெள்ளி, வெண்கலம் ஆகியவற்றில் பெரும்பாலும் சிறிதளவு ஈயம் கலந்திருப்பதால், ஈயப் பொருள்களுக்கு மட்டுமன்றி இவற்றுக்கும் இது பயன்படுகிறது. 1960களில் இருந்து தொல்லியல் ஆய்வுகளில் இம்முறை கையாளப்படுகிறது.

அடிப்படை

ஈயத்துக்கு ஈயம்-204, ஈயம்-206, ஈயம்-207, ஈயம்-208 என நான்கு நிலையான ஓரிடத்தான்கள் உள்ளன. இவற்றுள் ஈயம்-204 இன் அளவு காலப்போக்கில் மாறுவதில்லை. ஏனைய மூன்றும் முறையே யுரேனியம்-238, யுரேனியம்-235, தோரியம்-232 ஆகியவற்றின் கதிரியக்கச் சிதைவால் பெருகுகின்றன. ஈயத்தாது உருவாகும்போது ஈயம் இத்தனிமங்களில் இருந்து பிரிந்துவிடுவதால், அப்போதைய விகிதம் தாதுவில் நிலைத்துவிடுகிறது. இவ்விகிதம் தாதுப் படிவின் வயதையும் அதன் மூலப் பாறைகளையும் பொறுத்து இடத்துக்கு இடம் வேறுபடும். தாதுவை உருக்கினாலும் வார்த்தாலும் இது குறிப்பிடத்தக்க அளவு மாறுவதில்லை.

செய்முறை

பொருளில் இருந்து எடுக்கப்படும் மிகச் சிறிய மாதிரியில் உள்ள ஈயம் வேதியியல் முறையில் பிரிக்கப்படுகிறது. அதன் ஓரிடத்தான் விகிதங்கள் நிறை நிறமாலைமானியால் அளக்கப்பட்டு, அறியப்பட்ட சுரங்கங்களின் தாது அளவீடுகளுடன் ஒப்பிடப்படுகின்றன.

எடுத்துக்காட்டுகள்

* துருக்கியின் தென்மேற்குக் கரையை அடுத்த கடலில் 1982 இல் கண்டறியப்பட்ட உலுபுருன் கப்பல், கி.மு. 14 ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்தது. அதில் இருந்த ஏறத்தாழ 10 டன் செம்புக் கட்டிகளின் விகிதங்கள் சைப்பிரசுத் தாதுக்களுடன் ஒத்துப்போகின்றன.
* தென்னிந்திய உலோகத் திருமேனிகள் நூற்றுக்கும் மேற்பட்டவற்றை ஆராய்ந்த சாரதா சீனிவாசன், அதன் முடிவுகளை 1999 இல் வெளியிட்டார். கல்வெட்டுச் சான்று இல்லாத திருமேனிகளின் காலத்தைக் கணிக்க இவ்வகை ஒப்பீடு துணைபுரிகிறது.

வரம்புகள்

வெவ்வேறு சுரங்கங்களின் விகிதங்கள் ஒன்றையொன்று ஒத்திருக்கக் கூடும். பழைய பொருள்களை உருக்கி மீண்டும் வார்க்கும்போது பல இடத்து உலோகங்கள் கலந்து இடைப்பட்ட விகிதம் தோன்றும். வெண்கலத்தில் ஈயம் தனியாகச் சேர்க்கப்பட்டிருப்பின், பகுப்பாய்வு பெரும்பாலும் அந்த ஈயத்தின் மூலத்தையே காட்டும். செம்பின் மூலத்தை அன்று. எனவே, ஒரு பொருள் குறிப்பிட்ட சுரங்கத்தைச் சேர்ந்தது என உறுதிப்படுத்துவதை விட, சேர்ந்தது அன்று என விலக்குவதிலேயே இம்முறை வலுவானது. விகிதம் பொருந்தினாலும் சுவட்டுத் தனிமங்களின் அளவு, சுரங்கத்தின் காலம், உலோகக் கசடு போன்ற பிற சான்றுகளும் தேவைப்படுகின்றன.