ரெண்டு நெட் கனெக்‌ஷன் போட்டா ஸ்பீடு டபுள் ஆகுமா? மரக்காணத்தில் இருந்து ஒரு கணக்கு!

சென்னையில் இருந்து புதுச்சேரிக்கு ஈ.சி.ஆர் வழியாகப் போயிருந்தால், மரக்காணத்தில் வெள்ளை வெளேர் என்று குவித்து வைத்திருக்கும் உப்பைப் பார்க்காமல் தாண்டியிருக்க மாட்டீர்கள். அந்த ஊரில் உங்கள் வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் இருப்பது 50 எம்.பி.பி.எஸ் ஃபைபர். தம்பி கேம் ஆடுகிறான், அக்காவுக்கு ஆன்லைன் கிளாஸ், உங்களுக்கு ஆபீஸ் மீட்டிங். திரை உறைந்து நிற்கும்போது ஒரு ஐடியா வரும்: 'இன்னொரு 50 போட்டு ரெண்டையும் சேர்த்துட்டா 100 ஆகிடுமே?'

ஆகும். ஆனா, நீங்க நினைக்கிற மாதிரி இல்ல!

காசு கட்டும் முன் ஒரு டெஸ்ட்

லேப்டாப்பை லேன் கேபிள் மூலம் நேரடியாக ரூட்டரில் செருகி ஸ்பீடு டெஸ்ட் பண்ணுங்க. கேபிளில் 50, வைஃபையில் 15 வந்தால், பிரச்னை கனெக்‌ஷனில் இல்லை, வைஃபையில்தான். ரூட்டரை வீட்டின் நடுவில் உயரமாக வைத்து, பக்கத்தில் இருக்கும்போது 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு மாறிப் பாருங்க. இதுக்கு ஒரு ரூபாய்கூட செலவு இல்லை.

ரெண்டு வாய்க்கால், ரெண்டு பாத்தி

கேபிளிலும் வேகம் போதவில்லையா? 'டூயல் வான்' ரூட்டர் வாங்கி, இரண்டு கனெக்‌ஷனையும் அதில் செருகலாம். இது செய்வதற்குப் பெயர் லோடு பேலன்ஸிங்.

உப்பளத்தை நினைச்சுக்கோங்க. ரெண்டு வாய்க்கால் இருந்தா ரெண்டு பாத்தி ஒரே நேரத்தில் நிரம்பும். ஆனா, ஒவ்வொரு பாத்தியும் அதே வேகத்தில்தான் நிரம்பும். அதேபோல, தம்பியின் கேம் ஒரு லைனில், உங்கள் மீட்டிங் இன்னொரு லைனில் போகும். நெரிசல் குறையும். ஆனா 4 ஜி.பி ஃபைல் ஒன்றை டவுன்லோடு செய்தால், பெரும்பாலும் அது ஒரே லைனில்தான் வரும். 50-ல் சுமார் 11 நிமிடம் ஆகும் என்றால், இப்போதும் அதே 11 நிமிடம்தான்.

ஒரு சிக்கலும் உண்டு. நடுவில் லைன் மாறினால் சில பேங்க் தளங்கள் உங்களை லாக்-அவுட் செய்துவிடும். பேங்க் வேலை மட்டும் ஒரே லைனில் போகும்படி ரூட்டரில் செட் செய்துவிடுங்கள்.

ரெண்டையும் ஒண்ணாவே ஆக்கணும்னா?

அதற்குப் பெயர் பாண்டிங். டேட்டாவைத் துண்டுகளாக்கி இரண்டு லைனிலும் அனுப்பி, மறுமுனையில் ஒரு சர்வர் ஒட்டவைக்க வேண்டும். ஸ்பீடிஃபை போன்ற ஆப்கள் சந்தா வாங்கிக்கொண்டு இதைச் செய்கின்றன. டெக்னிக்கல் கை உள்ளவர்கள், ஓப்பன்எம்.பி.டி.சி.பி ரூட்டர் என்ற இலவச சாஃப்ட்வேரை வாடகை சர்வரோடு சேர்த்துப் பயன்படுத்தலாம். ஆனா எல்லா டேட்டாவும் அந்த சர்வரைச் சுற்றி வருவதால், கேமில் பிங் ஏறலாம். 50-ம் 50-ம் சேர்ந்து முழு 100-ம் வராது.

இதே நுட்பத்தை ஆப்பிள் நிறுவனம் 2013-ல் ஐஓஎஸ் 7-ல் 'சிரி'க்குப் பயன்படுத்தியது. வேகத்துக்காக அல்ல, வைஃபை தடுமாறினாலும் மொபைல் டேட்டாவில் பேச்சு தொடரணும் என்பதற்காக.

நம்ம கரைக்கு எது தேவை?

மரக்காணம் கரைக்கும் அதுதான் தேவை. 2020 நவம்பர் 25 நள்ளிரவில் நிவர் புயல் இந்தப் பக்கம்தான் கரையைக் கடந்தது. 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கடந்தது. அப்படிப்பட்ட நாளில் கம்பம் சாய்ந்தால் 50-ம் பூஜ்யம்தான், 100-ம் பூஜ்யம்தான். அன்றைக்குத் தேர்வு விண்ணப்பத்துக்குக் கடைசி நாளாக இருந்தால்?

* ஒரே கம்பம் வேண்டாம்: இரண்டு ஃபைபரும் ஒரே கம்பத்தில் வந்தால் சேர்ந்தே அறுந்துபோகும். ஒன்று ஃபைபர், இன்னொன்று சிம் ரூட்டர் அல்லது ஏர்ஃபைபர் என்று வழியை மாற்றுங்கள். எந்த சிம்முக்கு வீட்டுக்குள் சிக்னல் நிற்கிறது என்று முதலில் பாருங்கள்.
* ஃபெயில்ஓவர்: டூயல் வான் ரூட்டரில் இதை ஆன் பண்ணுங்க. ஒரு லைன் போனால் சில நொடிகளில் மற்றொன்று வரும். கால் ஒருமுறை கட் ஆகலாம், வேலை நிற்காது.
* மினி யு.பி.எஸ்: கரன்ட் போனால் ஃபைபர் பெட்டியும் ரூட்டரும் அணைந்துவிடும். அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டேஜைப் பார்த்து, பொருந்துவதை வாங்குங்கள்.
* உப்புக்காற்று: ஃபைபருக்குள் இருப்பது கண்ணாடி, துருப்பிடிக்காது. ஆனா லேன் பின்னும் சார்ஜர் முனையும் உலோகம். ஜன்னலோரம் வைக்காதீங்க.

பெரிய புயலில் டவரும் படுத்துவிடலாம் என்பதால், முக்கியமான விண்ணப்பத்தைக் கடைசி நாள்வரை தள்ளிப்போடாதீங்க.

எல்லாம் செட் பண்ணியாச்சா? ஐப்பசி மழை தொடங்கும் முன் ஒருநாள், மீட்டிங் இல்லாத நேரமாகப் பார்த்து ஃபைபர் கேபிளை நீங்களே கழற்றிவிடுங்க. நெட் தொடர்ந்து ஓடினால், நீங்க ரெடி!