கொடுக்க ஆளில்லாத பிள்ளை: உறவுமுறைத் தத்தின் சட்ட வரலாறு

தத்து என்ற சொல்லிலேயே சிக்கல் தொடங்குகிறது. வடமொழியில் ‘தத்த’ என்றால் கொடுக்கப்பட்டது. எடுப்பவரைவிடக் கொடுப்பவரையே அந்தச் சொல் முன்னிறுத்துகிறது. கொடுக்கத் தாயும் தகப்பனும் இல்லாத பிள்ளையை என்ன செய்வது? அப்படிப்பட்ட பிள்ளையைச் சித்தப்பாவோ தாய்மாமனோ தூக்கிவந்து தம் பிள்ளைகளோடு உட்காரவைத்துச் சோறு போட்டதெல்லாம் யாரும் சட்டம் பார்த்துச் செய்த காரியமல்ல. ஆனால் அந்தப் பிள்ளை அதே வீட்டின் பிள்ளை என்று ஏட்டில் ஏற, 1950களின் நடுப்பகுதி வரை இந்துச் சட்டத்தில் பொது வழி இல்லை. அந்த வழி எப்படித் திறந்தது, இன்னும் எங்கே குறுகலாக இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

வழி ஆதியிலிருந்தே அடைபட்டிருக்கவில்லை என்பதுதான் வியப்பு. மனு முதலிய தரும நூல்கள் பன்னிரண்டு வகைப் புத்திரர்களை எண்ணுகின்றன. தத்தகன் அவர்களில் ஒருவன் மட்டுமே. பெற்றோரால் கைவிடப்பட்டு இன்னொருவரால் ஏற்கப்பட்டவன் அபவித்தன். பெற்றோரை இழந்தோ, காரணமின்றி அவர்களால் விடப்பட்டோ, தானே போய் ‘நான் உமக்கு மகன்’ என்று தன்னைக் கொடுத்துக்கொண்டவன் ஸ்வயம்தத்தன். தகப்பன் விற்றுவிட்ட சுனச்சேபன் விசுவாமித்திரரின் மகனான கதையை இதற்குச் சான்றாக வசிட்ட தரும சூத்திரம் காட்டுகிறது. கொடுப்பவர் இல்லையென்றால் பிள்ளையே கொடுப்பவன் ஆகலாம் என்ற அளவுக்கு அந்தப் பழைய மனம் இடம் விட்டிருந்தது.

பின்னால் வந்த நிபந்தகாரர்கள், அதாவது தரும நூல்களைத் தொகுத்து விளக்கியவர்கள், அந்த இடத்தை அடைத்தார்கள். கலியுகத்தில் பெற்ற மகனும் தத்து மகனும் மட்டுமே செல்லும், ஏனைய வகைகள் விலக்கப்பட்டவை என்பது விதியாயிற்று. தத்தக சந்திரிகை, நந்த பண்டிதரின் தத்தக மீமாம்சை ஆகிய இரண்டு நூல்களையும் சதர்லேண்ட் என்பவர் 1821இல் ஆங்கிலமாக்கினார். ஆங்கிலேய நீதிபதிகளின் மேசைக்கு வந்ததும் அவை வாதத்துக்குரிய நூல்கள் என்ற நிலையிலிருந்து ஏறக்குறையச் சட்டமாகவே ஆகிவிட்டன. கொடுக்கும் உரிமை தகப்பனுக்கு உண்டு, அவன் இல்லாதபோது தாய்க்கு உண்டு, வேறு யாருக்கும் இல்லை என்பதே அங்கே கண்ட விதி. அண்ணன் தம்பியைக் கொடுக்க முடியாது, பாட்டனும் பேரனைக் கொடுக்க முடியாது. ஆகவே அநாதைப் பிள்ளையின் தத்து செல்லாது. பிள்ளையின் சம்மதத்தோடு தத்தெடுக்கும் மிதிலையின் கிருத்திரிம முறையும் பஞ்சாப் வழக்காறும் போன்ற சில விலக்குகளைத் தவிர நாடெங்கும் இதுவே நின்றது. அதாவது, யாருக்குத் தத்து மிக அவசியமோ அந்தப் பிள்ளைக்குத்தான் அது மறுக்கப்பட்டது.

உறவுக்குள் தத்து என்பது அந்தக் காலத்தில் பெரிய வழக்குப் பொருளாகத்தான் இருந்தது, ஆனால் பிள்ளைக்காக அல்ல. சகோதரியின் மகனையும் மகளின் மகனையும் தத்தெடுப்பது முதல் மூன்று வருணத்தாரான இருபிறப்பாளர்க்கு ஆகாது என்று அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் 1899இல் தீர்த்தது. தென்மாவட்டப் பிராமணரிடையே அந்த வழக்கம் உண்டென்று சென்னை உயர் நீதிமன்றம் 1886இலேயே ஏற்றிருந்தது. அக்காள் மகனுக்கே பெண் கொடுக்கும் நாட்டில் அவனைப் பிள்ளையாக்கிக்கொள்ளத் தடை என்றால் யார் கேட்பார்கள்! ராமநாதபுரம் சேதுபதி வழக்கில் (1868) விதவை ராணி, கணவன்வழி நெருங்கிய உறவினரான சபிண்டர்களின் சம்மதத்தோடு தத்தெடுக்கலாம் என்றும், தெளிவாக நிறுவப்பட்ட வழக்கம் ஏட்டு விதியைவிட வலியது என்றும் பிரிவி கவுன்சில் சொன்னது. இந்த வழக்குகள் எல்லாவற்றிலும் கேள்வி ஒன்றே: பாளையமும் பிண்டமும் யாருக்கு? யாழ்ப்பாணத் தமிழரின் வழக்குச் சட்டமான தேசவழமையிலும் சாயல் இதேதான். 1706இல் டச்சு அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த அந்த நூலின்படி, வாரிசாகக்கூடிய உறவினர் விரல் தோய்த்த மஞ்சள் நீரைத் தத்தெடுப்போர் குடிக்க வேண்டும். உறவினர் அங்கே நிற்பது தங்கள் பங்கு குறைவதற்குச் சம்மதம் சொல்ல.

பெற்றோரில்லாப் பிள்ளைக்கு ஆங்கிலேயர் தந்தது 1890ஆம் ஆண்டின் பாதுகாவலர் மற்றும் பாதுகாக்கப்படுவோர் சட்டம். எல்லா மதத்தாருக்கும் பொருந்தும் அச்சட்டம் பிள்ளையின் உடலையும் உடைமையையும் காக்க ஆளை நியமித்தது. மகன் என்றோ மகள் என்றோ ஆக்கவில்லை. பிள்ளை சட்டப்படி வயதுவந்ததும் உறவு முடிந்தது, வாரிசுரிமையும் இல்லை.

முதல் திறப்பு 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டத்தில் வந்தது. பெற்றோர் இருவரும் இறந்தாலோ, துறவு பூண்டாலோ, சித்தம் கலங்கியவர் என நீதிமன்றத்தால் அறிவிக்கப்பட்டாலோ, நீதிமன்ற முன் அனுமதியோடு பாதுகாவலர் பிள்ளையைக் கொடுக்கலாம் என்றது 9ஆம் பிரிவு. 1962ஆம் ஆண்டுத் திருத்தம் கைவிடப்பட்ட பிள்ளையையும் பெற்றோர் யாரெனத் தெரியாத பிள்ளையையும் சேர்த்தது. அதோடு, பாதுகாவலர் அந்தப் பிள்ளையைத் தமக்கே தத்தெடுத்துக்கொள்ளலாம் என்றும் தெளிவாக்கியது. வளர்க்கும் தாய்மாமனே கொடுப்பவனாகவும் எடுப்பவனாகவும் நிற்கலாம் என்றானது. கொடுப்பவர் வேண்டும் என்ற பழைய விதியை உடைக்காமலே அதைச் சுற்றிப் போன வழி இது. ஸ்வயம்தத்தன் பின்வாசல் வழியாக வந்தான் என்றுகூடச் சொல்லத் தோன்றுகிறது.

ஆனால் அதே சட்டத்தின் 11ஆம் பிரிவு இன்னொரு கதவைச் சாத்தியது. ஆண் பிள்ளையைத் தத்தெடுப்பவருக்கு இந்து மகனோ, மகன் வழிப் பேரனோ, கொள்ளுப் பேரனோ உயிரோடு இருக்கக்கூடாது. பெண் பிள்ளை என்றால் மகளோ மகன் வழிப் பேத்தியோ இருக்கக்கூடாது. ஒரு மகனுள்ள சித்தப்பா, இறந்த அண்ணன் மகனைத் தன் மகனாக்கிக்கொள்ள முடியாது. அப்பாவழித் தாத்தாவின் நிலை இதைவிட விசித்திரம். மகன் இறந்தபின் பேரனை வளர்க்கும் அவர் தத்துக்கு முனைந்தால், சட்டத்தின் எழுத்தின்படி தடையாக நிற்பது அந்தப் பேரனேதான்! மகன் வழிப் பேரன் உயிரோடு இருக்கிறானே. இதைச் சட்டம் எழுதியவர்களின் கவனக்குறைவு என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. பிள்ளையில்லாதவருக்குப் பிள்ளை தேடித் தரும் பழைய நோக்கத்தின் எச்சம் அது. பேரன் இருக்கையில் கொள்ளிக்கு ஆளிருக்கிறது, பிறகு தத்து எதற்கு என்று அது கேட்கிறது. 2010ஆம் ஆண்டுத் திருத்தம் மணமான பெண்ணுக்கும் தத்தெடுக்கும் உரிமை தந்தபோதும் இந்தப் பிரிவு அப்படியே இருந்தது.

எல்லா மதத்தாருக்கும் பொதுவான தத்தெடுப்பு மசோதா 1972இல் வந்து சட்டமாகாமலே போயிற்று. மாற்றம் எதிர்பாராத திசையிலிருந்து, இளைஞர் நீதிச் சட்டத்தின் வழியாக, வந்தது. மகளுள்ள தம்பதியர் இன்னொரு பெண் பிள்ளையை எடுக்கத் தடையில்லை என்று 2009இல் பம்பாய் உயர் நீதிமன்றம் இச்சட்டத்தின்கீழ்ச் சொன்னது. எந்த மதத்தாரும் இதன்படி தத்தெடுக்கலாம் என்று 2014இல் ஷப்னம் ஹாஷ்மி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. 2015ஆம் ஆண்டின் புதிய இளைஞர் நீதிச் சட்டத்தின் 56ஆம் பிரிவு, மத வேறுபாடின்றி உறவினரின் பிள்ளையை உறவினர் தத்தெடுக்கலாம் என்று பெயர் சொல்லியே எழுதியது. 2022 செப்டம்பர் முதல் தத்து ஆணை பிறப்பிப்பவர் நீதிபதி அல்ல, மாவட்ட ஆட்சியர். எடுப்பவரின் வயது வரம்பு உறவினருக்குத் தளர்த்தப்பட்டது. எனவே 60 வயதுப் பாட்டிக்கும் வழி உண்டு. 5 வயதுக்கு மேற்பட்ட பிள்ளையின் சம்மதம் கேட்கப்பட வேண்டும். நிபந்தகாரர்கள் வெளியேற்றிய குரல் விண்ணப்பத் தாளில் திரும்பி வந்திருக்கிறது.

தீராத முடிச்சு ஒன்று உண்டு. இறந்தவரைச் சட்டம் எளிதாகப் புரிந்துகொள்கிறது, காணாமல் போனவரைப் புரிந்துகொள்வதில்லை. ஏழாண்டு தகவலில்லாதவர் இறந்ததாகக் கொள்ளலாம் என்பது சாட்சியச் சட்டத்தின் விதி. பெற்றோர் காணாமல் போனபோது 7 வயதாயிருந்த பிள்ளைக்கு அந்தக் கெடு முடியும்போது 14 வயது. இந்து தத்துச் சட்டத்தில், வயது கடந்த பிள்ளையைத் தத்தெடுக்கும் வழக்கமில்லாத குடும்பங்களுக்கு 15 வயதே எல்லை. தத்து வரை போகாமல் பாதுகாவலராகவே நின்றுவிடவும் காரணங்கள் உண்டு. பெருந்தொற்றில் பெற்றோர் இருவரையும் இழந்து உறவினரிடம் வளரும் பிள்ளைகளுக்கு 18 வயதுவரை மாதம் 3,000 ரூபாய் என்று தமிழக அரசு 2021இல் அறிவித்தது. அதைப் பெற ‘பாதுகாவலர்’ என்றிருந்தால் போதும், அம்மா அப்பா என்று எழுத வேண்டியதில்லை.

2015ஆம் ஆண்டுச் சட்டம் ‘உறவினர்’ என்று யாரைச் சொல்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். பெற்றோரின் உடன்பிறந்தார், இருபுறத் தாத்தா பாட்டி, அவ்வளவுதான். பெரியப்பா, சித்தி, அத்தை, மாமா எல்லாரும் உள்ளே வந்துவிடுகிறார்கள். தம்பி தங்கைகளை வளர்த்த அக்கா வரவில்லை. அவள் 1956ஆம் ஆண்டுச் சட்டத்துக்கே திரும்ப வேண்டும். அங்கே, மகளில்லாத அக்கா நீதிமன்ற அனுமதியோடு தங்கையை எடுத்துக்கொள்ள வயது இடைவெளி எதுவும் கேட்கப்படுவதில்லை. தம்பி என்றால் அவனைவிட அவள் 21 வயது மூத்தவளாக இருக்க வேண்டும்.