கட்டிளமைப் பருவத்தினரின் ஆழ்கடி: சிகிச்சைக் கருவிகளின் வளர்ச்சியும் மட்டக்களப்பு வாவிக்கரையும்

மேல் முன்பற்கள் கீழ் முன்பற்களில் மூன்றில் ஒரு பங்கை மறைப்பது இயல்பு. மறைப்பு அதைவிடக் கூடினால் அது ஆழ்கடி; கடுமையானால் கீழ்ப்பற்கள் மேலண்ணத்தில் முட்டும். மிதந்த பல்லும் பின்தங்கிய கீழ்த்தாடையும் இதனோடு சேர்ந்து வருவது வழக்கம். அத்தகைய கடி உறவை எட்வர்ட் ஆங்கிள் 1899இல் இரண்டாம் வகுப்பில் வைத்தார்.

கீழ்த்தாடையை முன்னே கொண்டுவந்து கடிக்கப் பழக்கும் தட்டை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே அமெரிக்கரான நார்மன் கிங்ஸ்லி பயன்படுத்தினார். டென்மார்க்கில் 1908இல் விகோ ஆண்ட்ரெசன், விடுமுறைக்குப் புறப்பட்ட தம் மகளின் கம்பிகளை அகற்றி, கழற்றி மாட்டும் தட்டொன்றைக் கொடுத்தனுப்பினார். மகள் திரும்பியபோது கடி மேம்பட்டிருந்தது. மருத்துவரின் கண்காணிப்பு இல்லாத நாட்களிலும் சிகிச்சை நடக்கும் என்பதற்கு அது சான்றானது. ஜெர்மனியின் எமில் ஹெர்ப்ஸ்ட் மாறான வழியில் சென்றார். அவர் பற்களோடு பொருத்திய உலோகத் தண்டுகளைப் பிள்ளையால் கழற்ற முடியாது. நெடுங்காலம் மறக்கப்பட்டிருந்த இக்கருவியை ஹான்ஸ் பாங்கெர்ஸ் 1979இல் மீட்டெடுத்தார்.

ஸ்கொட்லாந்தின் வில்லியம் கிளார்க் 1977இல் உருவாக்கிய இரட்டைக் கட்டை இன்று பரவலாகப் பயன்படுகிறது. மேலொன்று கீழொன்றாக அணியும் இரு அக்ரிலிக் தட்டுகளின் சாய்ந்த முகங்கள் ஒன்றோடொன்று சறுக்கிக் கீழ்த்தாடையை முன்னே நிறுத்தும். கடைவாய்ப் பக்கத்து அக்ரிலிக்கைச் சிறிது சிறிதாக அராவிவிட்டால் கீழ்க் கடைவாய்ப்பற்கள் மேலெழுந்து ஆழ்கடி குறையும்.

இரட்டைக் கட்டையையும் ஹெர்ப்ஸ்ட் கருவியையும் நேருக்கு நேர் ஒப்பிட்டது, பிரித்தானியாவில் 11 முதல் 14 வயதுவரையான 215 பேரிடம் நடந்து 2003இல் வெளிவந்த ஆய்வு. தாடையிலும் பற்களிலும் ஏற்பட்ட மாற்றத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால் இரட்டைக் கட்டை அணிந்தோரில் 33.6 சதவீதத்தினரும், ஹெர்ப்ஸ்ட் அணிந்தோரில் 12.9 சதவீதத்தினரும் சிகிச்சையை இடையில் கைவிட்டனர். மறுபுறம், உடைந்த ஹெர்ப்ஸ்ட்டைச் சரிசெய்யக் கூடுதல் தடவைகள் வரவேண்டியிருந்தது.

தாடை வளர்ச்சி ஏறத்தாழ முடிந்தவர்களுக்குப் பெரும்பாலும் நிலைக்கம்பிகளே வழி. அவை முன்பற்களை உள்ளமிழ்த்தியோ கடைவாய்ப்பற்களை எழுப்பியோ கடியைத் திறக்கும். எலும்பில் பொருத்திய திருகாணியைப் பிடிமானமாகக் கொண்டு மேல் முன்பற்களை அமிழ்த்திய நிகழ்வை கிரீக்மோரும் எக்லண்டும் 1983இல் பதிவுசெய்தனர். மேல் முன்பற்கள் உட்புறம் சாய்ந்த ஆழ்கடிக்கு எம்முறை சிறந்தது என்று சொல்லத்தக்க தரமான சோதனைகள் இல்லை என்பதே, மருத்துவச் சோதனைகளைத் தொகுத்தாயும் கொக்ரேன் மீளாய்வொன்றின் முடிவு.

இலங்கையில் பல் மருத்துவக் கல்வி 1943இல் கொழும்பில் தொடங்கி 1954இல் பேராதனைக்கு இடம்பெயர்ந்தது. அரச வைத்தியசாலையில் சிகிச்சைக்குக் கட்டணமில்லை. ஆனால் மாதக்கணக்கில் தவறாது வந்துபோக வேண்டும். மட்டக்களப்பில் அது எளிதல்ல. மட்டக்களப்பு வாவி 50 கிலோமீற்றருக்கும் மேல் நீண்டு, கிழக்கே எழுவான்கரையையும் மேற்கே படுவான்கரையையும் பிரிக்கிறது. நகரும் பெரிய வைத்தியசாலையும் எழுவான்கரைப் பக்கம். உள்நாட்டுப் போர்க்காலத்தில் இக்கரைகளுக்கிடையே போய்வருவது பெரும்பாடாக இருந்தது. மண்முனைப் பாலம் 2014இல் திறக்கப்படும்வரை படுவான்கரையின் கொக்கட்டிச்சோலைப் பக்கத்தார் மண்முனைத் துறையின் படகுப்பாதையையே நம்பியிருந்தனர்.

இத்தகைய இடத்தில் கருவியைத் தேர்வதில் தூரமும் ஓர் அளவுகோலாக வேண்டும். வயலுக்கும் கடலுக்கும் போகும் பெற்றோருக்குத் தண்டு உடைந்த ஒவ்வொரு முறையும் ஒரு நாட்கூலி இழப்பு. கழற்றும் தட்டோ, வீட்டில் மேற்பார்க்க ஆளில்லாவிட்டால் டப்பாவிலேயே கிடக்கும். அதனால் பிள்ளையின் பழக்கத்தையும் பஸ் வசதியையும் முதல் நாளிலேயே கேட்டறிவது, பல் அச்சு எடுப்பதற்கு நிகரான மருத்துவ வேலை. மிதந்த முன்பற்களுக்கான முன்கூட்டிய சிகிச்சை, முன்பல் அடிபடும் வாய்ப்பைக் குறைப்பதைத் தவிர வேறு நன்மை தரவில்லை என்று இன்னொரு கொக்ரேன் மீளாய்வு காட்டுகிறது. ஆகவே தூரத்துக் கிராமத்துப் பிள்ளைக்குக் கட்டிளமைப் பருவ வளர்ச்சி வேகத்தோடு ஒரே கட்டமாகச் சிகிச்சை தொடங்குவதே பொருத்தம். விழுந்து பல்லை உடைத்துக்கொள்ளும் அளவுக்கு முன்பற்கள் மிதந்திருப்பவர்களுக்கு மட்டும் அதற்கு முன்பே தொடங்கலாம்.