பெயரிடுதலின் வரலாறு: ஸ்னோடிராப் பூவை முன்வைத்து

2012 பிப்ரவரியில் ஈபே இணைய ஏலத்தில் ஒரே ஒரு கிழங்கு 725 பவுண்டுக்குப் போயிற்று. சின்ன வெங்காயம் அளவுதான் இருக்கும். அதில் பூப்பது ஒற்றை வெள்ளைப் பூ. ஸ்காட்லாந்தின் பெர்த்ஷயரில் ஒரு தோட்டத்தில் தானாக முளைத்தது. தோட்டத்துக்காரியின் பெயரையே 'எலிசபெத் ஹாரிசன்' என்று அதற்கு வைத்துவிட்டார்கள். வாங்கியது தாம்ப்சன் அண்ட் மோர்கன் என்ற விதைக் கம்பெனி. தாவரவியல் கணக்கில் இது கேலாந்தஸ் வொரோனோவி என்ற இனம். அதே காலத்தில் அதே இனத்துக் கிழங்குகளை ஆண்டுக்கு 1.5 கோடி வரை ஏற்றுமதி செய்துகொள்ள ஜார்ஜியா நாட்டுக்கு ஒதுக்கீடு இருந்தது. இந்த 1.5 கோடியில் எந்தக் கிழங்குக்கும் பெயர் கிடையாது.

இவ்விரண்டுக்கும் நடுவிலுள்ள தூரத்தைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது. "வெள்ளைக்காரன் வீட்டுத் தோட்டத்துப் பூவப் பத்தி நமக்கென்னய்யா பேச்சு?" என்று நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் யாருக்குப் பெயர் கிடைக்கிறது, யார் எண்ணிக்கையாக மட்டும் மிஞ்சுகிறார்கள் என்று நாம் இலக்கிய வரலாற்றிலும் சாதி வரலாற்றிலும் கேட்டுக்கொண்டிருப்பவர்கள். அந்தக் கேள்வி இந்தப் பூவின் கதையில் ஒளிவுமறைவு இல்லாமல் கிடக்கிறது.

முதலில் பூவைப் பற்றி. குளிர்காலம் முடியுமுன், ஜனவரி பிப்ரவரியில், பனிக்குள்ளிருந்தே எட்டிப் பார்க்கும். வெளியே மூன்று இதழ், உள்ளே மூன்று சிறிய இதழ். உள்ளிதழில் பச்சையாக ஒரு தீற்றல். அவ்வளவுதான். பால்பூ என்ற பொருளில் கிரேக்கத்திலிருந்து கேலாந்தஸ் என்று பெயரமைத்தவர் லின்னேயஸ், 1753இல். பிரனீஸ் மலையிலிருந்து காகசஸ் தாண்டிவரை சுமார் 20 இனங்கள் வளர்கின்றன. இங்கிலாந்தின் அடையாளமாகவே இன்று ஆகிப்போன இந்தப் பூ அந்த மண்ணுக்கு உரியதல்ல. வெளியிலிருந்து போய்க் குடியேறியது.

இந்தக் கொஞ்சூண்டு வேற்றுமையை வைத்துக்கொண்டு ஆயிரத்துக்கும் மேல் பெயர்களை உண்டாக்கியிருக்கிறார்கள் சேகரிப்பாளர்கள். பச்சைத் தீற்றல் வெளியிதழில் வந்தால் ஒரு பெயர், பச்சைக்குப் பதில் மஞ்சள் வந்தால் ஒரு பெயர், இதழ் அடுக்கானால் இன்னொன்று. உள்ளிதழின் புள்ளிகள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்ட ஆளைப்போலத் தெரிகிறது என்பதற்காக 'க்ரம்பி' என்று ஒன்று. மண்டியிட்டு, பூவைக் கவிழ்த்துப் பார்த்தால்தான் இதெல்லாம் தெரியும். இவர்களுக்கு 'கேலாந்தோஃபைல்' என்ற பெயரை வழக்கில் விட்டவர் தோட்டக்கலை எழுத்தாளர் ஈ. ஏ. போல்ஸ், நண்பருக்கு எழுதிய கடிதத்தில் விளையாட்டாகச் சொன்னது ஒட்டிக்கொண்டது.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. பெயர் வைத்த ரகத்தை விதை போட்டுப் பெருக்க முடியாது. விதையிலிருந்து வருவது வேறொன்றாக இருக்கும், அதுவும் பூக்க மூன்று நான்கு வருஷம் பிடிக்கும். கிழங்கு பக்கத்தில் குட்டி போட வேண்டும். இல்லையென்றால் கத்தியால் அடிப்பகுதியோடு சேர்த்து இரண்டிரண்டு செதிலாக வெட்டி, ஈரப்பதமாகப் பையில் கட்டி வைத்து, முளைக்கிறதா என்று வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஆக, 'எலிசபெத் ஹாரிசன்' என்று எங்கே எது வளர்ந்தாலும் அது அந்தப் பெர்த்ஷயர்க் கிழங்கின் உடம்பில் ஒரு துண்டு. பெயர் குறிப்பது ஒரு வகையை அல்ல, ஒரே ஒரு உடலை. உடைமையாக்கிக்கொள்ள இதைவிட வசதியான குறிப்பான் கிடைக்காது.

இந்த உடல்கள் எந்த வழியாக வந்தன? ஒரு வழி போர். 1853 முதல் 1856 வரை நடந்த கிரிமியப் போரில் பிரிட்டிஷ் படையினர் அங்கே பூத்துக் கிடந்த கேலாந்தஸ் ப்ளிக்காட்டஸ் கிழங்குகளைத் தோண்டி ஊருக்குக் கொண்டுவந்தார்கள். போரிட்டுத் திரும்பிய லார்ட் க்ளாரினா கொண்டுவந்தவை அயர்லாந்தில் கில்டேர் பகுதியின் ஸ்ட்ராஃபன் மாளிகைத் தோட்டத்தில் நடப்பட்டன. அங்கே அவை உள்ளூர்ப் பூவோடு கலந்து ஒரு கலப்பினம் தோன்றியது. இது வேறு மாதிரி இருக்கிறதே என்று முதலில் கண்டவர் தலைமைத் தோட்டக்காரர் ஃப்ரெடரிக் பெட்ஃபோர்ட். பூவுக்கு நிலைத்த பெயர் 'ஸ்ட்ராஃபன்'. மாளிகையின் பெயர்! கண்ணால் கண்டவன் அடிக்குறிப்பில் போய் உட்கார்ந்துகொண்டான். கிரிமியா 2014இல் மறுபடி ஆக்கிரமிக்கப்பட்டு, 2022க்குப் பின் மறுபடி போர்முனையாக ஆகியிருக்கும்போது இந்த 'ஸ்ட்ராஃபன்' இன்னும் தோட்டங்களில் பூத்துக்கொண்டிருக்கிறது. பழைய ரகங்களில் அழியாமல் மிஞ்சியவற்றில் ஒன்று என்று பெருமையாகச் சொல்வார்கள்.

இன்னொரு வழி வணிகம். ஹென்றி ஜான் எல்வெஸ் என்ற நிலவுடைமையாளர், முன்னாள் ராணுவ அதிகாரி, 1874இல் ஸ்மிர்னா (இன்றைய இஸ்மிர்) பக்கத்து மலையில் பெரிய பூக்கொண்ட ஓர் இனத்தைக் கண்டார். அடுத்த ஆண்டே அது கேலாந்தஸ் எல்வெஸி ஆயிற்று. மலையில் ஆடு மேய்த்தவன் கண்ணில் அதற்குமுன் அது பட்டிருக்காதா? பட்டிருக்கும். பட்டதற்குப் பதிவேடு கிடையாது. எல்வெஸுக்குப் பின்னால் ஸ்மிர்னாவின் பிரிட்டிஷ் வணிகர் எட்வர்ட் விட்டல் கிராமத்து ஆட்களை வைத்து மலைக் கிழங்குகளைத் தோண்டி ஏராளமாக ஐரோப்பாவுக்கு ஏற்றினார். அவர் பெயரிலும் ஒரு ஸ்னோடிராப் உண்டு, ஒரு ஃப்ரிட்டிலேரியா உண்டு. கிழங்கெடுத்த கிராமத்து ஆட்களின் பெயர் எந்தப் பூவிலும் இல்லை.

மேலே சொன்ன இரண்டு கிழங்குகளும் சந்திக்கும் இடமும் இதுதான். எல்வெஸி இனம் மலையில் ஏகப்பட்ட வேறுபாட்டோடு வளர்வது. மலிவு விலையில் மூட்டையாக வந்த காட்டுக் கிழங்குகளை நட்டு, அதிலிருந்து வித்தியாசமான ஒன்றைப் பொறுக்கி எடுத்துப் பெயர் வைப்பது சேகரிப்பாளர்களின் பழைய வழக்கம். 'அரிய ரகம்' என்பது மலையில் விளைந்தது. 'அரிது' ஆனது தோட்டத்தில். உழைப்பு சரக்குக்குள் மறைந்துபோவதை மார்க்ஸ் விளக்கினார். இங்கே உழைப்பு மட்டுமா மறைகிறது, மலையே மறைந்துவிடுகிறது.

இப்படிச் சொல்வதால் சேகரிப்பாளர்களை எல்லாம் ஒரே கட்டாகக் கட்டிச் சுரண்டல்காரர்கள் என்று தள்ளிவிட முடியாது. நமக்கு அந்த அவசரம் கொஞ்சம் அதிகம். ஷெப்டன் மாலெட் ஊர்க்காரர் ஜேம்ஸ் ஆலன், ஸ்னோடிராப்பைத் திட்டமிட்டுக் கலந்து வளர்த்த முதல் ஆள் என்று கருதப்படுபவர். நூற்றுக்கு மேல் ரகங்களை உண்டாக்கினார். பூஞ்சை நோயும் கிழங்கு குடையும் ஈயும் வந்து பெரும்பாலானவற்றை அழித்துவிட்டன. 'மேக்னட்', 'மெர்லின்' மாதிரி சிலதான் தப்பின. 1891இல் லண்டனில் ராயல் தோட்டக்கலைச் சங்கம் நடத்திய ஸ்னோடிராப் மாநாட்டில் பேசியவர்களில் இவரும் ஒருவர். ஒரு வாழ்நாள் கண்ணெதிரே அழுகிப் போவதைப் பார்த்த மனிதரிடம் நமக்கு என்ன பகை? நார்ஃபோக்கில் ஹேரிக் க்ரேடோரெக்ஸ் 1940களில் அடுக்குப் பூக்களை உண்டாக்கி 'ஒஃபீலியா', 'டெஸ்டிமோனா', 'கார்டீலியா' என்று ஷேக்ஸ்பியரின் பெண்களை வரிசையாக இறக்கினார். (ஆண் வளர்ப்பவன், பெண் வளர்க்கப்படுபவள் என்ற பழைய புத்திதான்.) வேடிக்கை என்னவென்றால் அந்தப் பெண்களை ஒருவரிலிருந்து ஒருவர் பிரித்தறிய தேர்ந்த சேகரிப்பாளர்களே திணறுகிறார்கள். பெயர்கள் இடம் மாறி, தோட்டத்துக்குத் தோட்டம் வழுக்கிக்கொண்டு போகின்றன.

நீண்ட காலம் இந்த உலகம் கொடுக்கல் வாங்கலில்தான் நடந்தது, விலையில் அல்ல. ஸ்காட்லாந்தின் சாமுவேல் ஆர்னட் தன்னிடமிருந்த கிழங்குகளைக் கோல்ஸ்பர்னில் இருந்த எல்வெஸுக்குச் சும்மாவே அனுப்பினார். இன்று உலகம் முழுக்க வளரும் 'எஸ். ஆர்னட்' அப்படிக் கைமாறியதுதான். பிறகு 1950களில் குளோஸ்டர்ஷயரில் பிரிகேடியர் மத்தியாஸ் தம்பதி 'ஜெயன்ட் ஸ்னோடிராப் கம்பெனி' தொடங்கி அதே கிழங்கைத் தபாலில் விற்றார்கள். 1951இல் அதற்குச் சங்கத்தின் விருதும் வாங்கினார்கள். அன்பளிப்பு சரக்கானது இப்படித்தான், பெரிய சதி எதுவும் இல்லாமல். அதற்கப்புறம் ஏலம். 2015இல் 'கோல்டன் ஃப்ளீஸ்' 1,390 பவுண்டு, 2022இல் 'கோல்டன் டியர்ஸ்' 1,850 பவுண்டு. விலை ஏற ஏறத் திருட்டும் வந்தது. பார்வையாளருக்குத் தோட்டத்தைத் திறக்குமுன் பெயர்ப்பலகையைப் பிடுங்கி வைத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். பெயர்தான் விலை என்பது திருடனுக்கும் தெரியும், தோட்டக்காரருக்கும் தெரியும்.

மலைப் பக்கம் திரும்புவோம். 1980களில் துருக்கியிலிருந்து காட்டு ஸ்னோடிராப் கிழங்குகள் ஆண்டுக்குக் கோடிக்கணக்கில் வெளியே போயின. போய்ச் சேர்ந்தது நெதர்லாந்து. அங்கிருந்து மேற்கே கடைகளுக்கு வரும்போது டச்சுக் கிழங்கு என்ற தோற்றம் வந்துவிடும். 1990இல் கேலாந்தஸ் இனம் முழுவதும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலுக்குள் வந்தது. பிறகுதான் எல்லை தாண்டும் ஒவ்வொரு மூட்டைக்கும் அனுமதிச் சீட்டு. காட்டில் எடுத்ததா, வளர்த்ததா என்று உறையில் அச்சிட வேண்டும் என்று இயற்கைப் பாதுகாப்பு அமைப்புகள் டச்சு வணிகரோடு மல்லுக்கட்டியது அதே காலத்தில்தான். டாரஸ் மலைக் கிராமங்களில் கிழங்கைக் காட்டிலிருந்து எடுக்காமல் வயலில் வளர்த்து விற்கும் முயற்சியும் தொடங்கியது. எடுக்காதே என்று சொல்வது சுலபம். கிழங்கெடுப்பு அந்த வீடுகளுக்கு வருமானம். அதற்குப் பதில் என்ன என்று கேட்டுக்கொண்டு போனவர்கள்தான் அங்கே காலூன்ற முடிந்தது.

கிழங்கெடுப்பவர்கள் மீதே பழியைப் போட்டு முடித்துவிடலாம் என்று நினைப்பவர்கள் சோச்சியைப் பார்க்க வேண்டும். காகசஸில் ஒருசில இடங்களில் மட்டும் வளரும் கேலாந்தஸ் பஞ்சுட்டினி 2012இல்தான் தனி இனமாக அறிவிக்கப்பட்டது. அது வளர்ந்த இடங்களில் ஒன்று 2014 குளிர்கால ஒலிம்பிக்குக்காகக் கட்டிய கட்டுமானத்தில் அழிந்தது. அதற்கு எந்த அனுமதிச் சீட்டும் தேவைப்படவில்லை. பெயர் கிடைத்த கையோடு இடம் போயிற்று.

துருக்கியில் இந்தப் பூவைக் 'கார்டெலென்' என்கிறார்கள், பனியைத் துளைப்பது என்று அர்த்தம். மலையில் பெயரே இல்லை என்று நான் மேலே எழுதியது போலத் தோன்றினால் அது தப்பு. பெயர் உண்டு, எல்லாப் பூவுக்கும் சேர்த்து ஒரே பெயர். கிழங்கெடுக்கும் ஆள் ஒன்றை இன்னொன்றிலிருந்து பிரிப்பது பச்சைத் தீற்றலை வைத்தல்ல, பருமனை வைத்து. சுற்றளவு 4 சென்டிமீட்டருக்குக் குறைந்தவற்றை மண்ணிலேயே திரும்ப நட்டுவிட வேண்டும். அடுத்த சுற்றில் அதே இடத்துக்கு வருகிறவர்கள் அவர்கள்தான்.