நடக்காத வரலாற்றுக்கு நடந்த உறவுகள்

வரலாறு வேறு திசையில் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்கும் இளையோர் நாவல்கள் பல, ஒரு போரின் முடிவையோ ஓர் அரசனின் விதியையோ மாற்றிவிட்டுத்தான் கதையைத் தொடங்குகின்றன. இலங்கையின் கிழக்குக் கரையில், மட்டக்களப்புக்கு வடக்கே, கடலுக்கும் களப்புக்கும் நடுவே கிடக்கும் பனிச்சங்கேணியை வைத்து அப்படியொரு நாவல் எழுதினால், எழுதுபவர் கை முதலில் 1638ஆம் ஆண்டை நோக்கித்தான் போகும். ஒல்லாந்தர் மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்த ஆண்டு அது. கரையோரம் முழுவதும் ஒல்லாந்தருக்கு என்று கண்டி அரசு எழுதிக்கொடுத்த 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையும் நினைவுக்கு வரும். இவை பெரிய திருப்பங்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் இந்தக் கரையின் கடந்த காலத்தில், கோட்டையில் எந்தக் கொடி பறந்தது என்பதைக் காட்டிலும், யார் யாரிடம் பண்டம் மாற்றினார், யார் யார் வீட்டில் சம்பந்தம் செய்தார், யார் யாருடைய தெய்வத்துக்கு மடை வைத்தார் என்பதே மனிதர்களின் வாழ்வை ஆழமாக வகுத்திருக்கிறது. ஆகவே நடக்காத ஒரு வரலாற்றைக் கற்பனை செய்யும்போதும் மாற்றிப் பார்க்க வேண்டியது உறவுகளைத்தான் என்பது என் வாதம்.

இதற்கு முதற்சான்று பனிச்சங்கேணிக்கு வடக்கேயுள்ள கொட்டியாரக் குடாவில் கிடைக்கிறது. 1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்தில் வீசிய புயலில் பாய்மரம் இழந்த ஆங்கிலக் கப்பல் ஒன்று, புது மரம் வெட்டிப் பூட்டுவதற்காக அங்கே வந்து நங்கூரமிட்டது. 1660இல் கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் கப்பல் தலைவரையும் அவர் மகன் ரொபர்ட் நொக்ஸையும் மற்றும் சிலரையும் சிறைப்பிடித்தார்கள். மகனுக்கு அப்போது 19 வயது. புயல் சற்று விலகி வீசியிருந்தால் இந்தக் கதையே இல்லை. மாற்று வரலாறு எழுதுபவருக்கு இதைவிட நல்ல தொடக்கம் அமையாது. என்றாலும் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலைப் படிப்பவர் மனத்தில் நிற்பவை அரசனின் கட்டளைகள் மட்டுமல்ல. சிறையிருப்பில் தந்தை காய்ச்சலால் இறந்துபோக, அந்நிய மண்ணில் அவரை அடக்கம் செய்ய மகன் பட்ட பாடு நிற்கிறது. ஸ்டீபன் ரட்லண்ட் என்ற தோழனோடு சேர்ந்து 1679இல் காட்டு வழியே நடந்து ஒல்லாந்தரின் அரிப்புக் கோட்டையை அடைந்த நட்பு நிற்கிறது. சக கைதி ஒருவருக்குப் பிறந்த லூசியா என்ற சிறுமியை நொக்ஸ் தன் பிள்ளையாக வளர்த்தார். தான் விட்டுவந்த நிலத்தையும் பின்னர் அவளுக்கே எழுதினார். ஓர் இளைஞன் இந்தத் தீவில் பத்தொன்பது ஆண்டுகள் உயிர் தாங்கியிருந்ததற்கு இத்தகைய உறவுகளும் காரணம்.

நொக்ஸின் நூலிலேயே தீவின் பழங்குடியினரான வேடரைப் பற்றிய ஒரு செய்தி உண்டு. அம்பு முனை வேண்டுமென்றால் அவர்கள் இரவில் வந்து கொல்லன் பட்டறையில் இறைச்சியைத் தொங்கவிடுவார்கள். பக்கத்திலேயே, வேண்டிய வடிவில் வெட்டிய இலை ஒன்றும் தொங்கும். கொல்லன் இலையைப் பார்த்து அதே அளவில் அடித்து வைத்தால், மேலும் இறைச்சி வரும். செய்யாமல் விட்டால், என்றாவது ஓர் இரவில் அவன்மேல் அம்பு பாயும். முகம் பாராமல், ஒரு சொல் பேசாமல் நடக்கும் இந்தப் பண்டமாற்றில் நம்பிக்கையும் இருக்கிறது, மிரட்டலும் இருக்கிறது. அந்த இலையை எடுத்துப் பார்க்கும் கொல்லன் மகனுக்கும், அதை வெட்டிய வேடப் பையனுக்கும் இடையே எழுத எவ்வளவோ உண்டு. இருவரும் ஓரிரவு நேருக்கு நேர் பேசியிருந்தால் என்ற ஒரே மாற்றம் போதும், ஒரு நாவல் அதன்மேல் நிற்கும்.

வேடருக்கும் ஊராருக்கும் இடையிலான இந்த உறவு எங்கே போய்ச் சேர்ந்தது என்பதை, பனிச்சங்கேணி அமைந்துள்ள வாகரைப் பகுதியில் இன்றும் வாழும் கரையோர வேடர் காட்டுகிறார்கள். பேச்சு தமிழ், தொழில் மீன்பிடியும் சேனையும் கூலி வேலையும். மானிடவியலாளரான செலிக்மன் தம்பதியர் 1911இல் வெளியிட்ட ஆய்வு நூலில் இவர்களுக்குத் தனி இடம் கொடுத்தார்கள். தமிழரோடு இவர்கள் கலந்திருந்ததும், கடல் கடந்து வந்த ஆவிகளைக் கப்பற்பேய் என்று சொல்லிச் சடங்கு செய்ததும் அதில் பதிவாகியுள்ளன. இந்தக் கலப்பு எளிதாக நடந்ததற்கு உறவுமுறையும் உதவியிருக்க வேண்டும். உட்காட்டு வேடரின் குலம் பெரும்பாலும் தாய்வழியில் போனது. மட்டக்களப்புத் தமிழரின் குடியும் தாய்வழியில்தான் போகிறது. இரு பக்கத்திலும் மாமன் மகள், மாமி மகன் என்ற முறையே திருமணத்துக்கு உரிய முறை. மச்சான், மச்சாள் என்று அழைக்கும் ஒழுங்கு இரண்டிடத்திலும் ஏறத்தாழ ஒன்றாக இருக்கும்போது, வந்தவரை எந்த முறை சொல்லி அழைப்பது என்ற திகைப்புக்கு இடமில்லை.

இங்கே நியாயமான மறுப்பு ஒன்று எழும். உறவு உறவு என்று பேசினால் ஏற்றத்தாழ்வு மறைந்துவிடாதா? ஆய்வாளர் யுவி தங்கராஜா 1995இல் வெளியான கட்டுரையில், கிழக்குக் கரை வேடர் தமக்கு நேர்ந்த அநீதிகளைச் சொல்லும் கதைகளைத் தம் அடையாளமாகவே கொண்டிருப்பதை ஆராய்ந்தார். ஆகவே இது சமமானவர்களின் சுமுகமான கதை அல்ல. ஆனால் உறவை எழுதுவது என்றால் இனிப்பாக எழுதுவது என்று பொருளில்லை. சம்பந்தம் பேச மறுப்பது, கூலியைக் குறைப்பது, பந்தியில் தள்ளி உட்கார வைப்பது எல்லாமே உறவுக்குள் நடப்பவைதான். அநீதி எந்த வீட்டு வாசலில் எப்படி நடந்தது என்பதை, அரசர் வரலாற்றைவிட உறவின் வரலாறே துல்லியமாகக் காட்டும்.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. யார் முதலில் வந்தவர் என்ற வழக்கு ஓயாத நாட்டில், 2004இல் கடற்கோளையும் 2006இல் எறிகணைகளையும் இடப்பெயர்வையும் கண்ட வாகரைக் கரையில், நடக்காததைக் கற்பனை செய்வது நடந்ததை அழிப்பதாகாதா என்று கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். என் விடை இது: கற்பனை என்று சொல்லிக்கொண்டு வரும் கற்பனை யாரையும் ஏமாற்றுவதில்லை; வரலாறு என்று சொல்லிக்கொண்டு வரும் பூர்வீகக் கதைகள்தாம் மனிதரைப் பிரித்திருக்கின்றன. ஆனால் நாவலாசிரியருக்கு ஒரு கடமை உண்டு. ஒரே ஒரு காரணத்தை மாற்றலாம்; அதன் விளைவுகளை நேர்மையாகத் தொடர வேண்டும்; மாண்டவர்களை வசதிக்காக மீட்டுக்கொண்டு வரக்கூடாது. பனிச்சங்கேணியில் இன்று பள்ளி செல்லும் பிள்ளைகளுக்கு அப்படியொரு நாவல் தேவை. அரசர்கள் முடிவெடுத்ததை மட்டும் படிக்கும் பிள்ளை, வரலாறு தன்மேல் வந்து விழும் ஒன்று என்றே எண்ணும். ஒரு கொல்லனும் ஒரு வேடனும் ஒரு சிறுமியும் எடுத்த முடிவுகளைப் படிக்கும் பிள்ளைக்கு, அயல்வீட்டுக்காரனோடு தான் இன்று நடந்துகொள்ளும் விதமும் வரலாறுதான் என்று புரியும்.