நறுமண மெழுகுவர்த்தி செய்தல்

நறுமண மெழுகுவர்த்தி (வாசனை மெழுகுதிரி) என்பது எரியும்போது மணம் பரப்பும் வகையில் நறுமண எண்ணெய் கலந்து செய்யப்படும் மெழுகுவர்த்தி ஆகும். இதனைச் சிறு அளவில் வீட்டிலேயே செய்வது பல நாடுகளில் ஒரு பொழுதுபோக்குக் கலையாக விளங்குகிறது. மெழுகு, திரி, நறுமண எண்ணெய், கலம் ஆகிய நான்கே இதற்குத் தேவையான அடிப்படைப் பொருட்கள். செய்முறை எளிமையானதாயினும், உருகிய மெழுகு ஓர் எரிபொருள் என்பதால் வெப்பநிலையையும் எடையையும் அளந்து செய்வது இன்றியமையாதது.

வரலாறு

பண்டைக் காலத்தில் ஐரோப்பாவில் விலங்குக் கொழுப்பு, தேன்மெழுகு ஆகியவற்றால் மெழுகுவர்த்திகள் செய்யப்பட்டன. கொழுப்பினாலானவை புகையும் கெட்ட வாடையும் உடையவை. தேன்மெழுகு விலை மிகுந்தது. பிரெஞ்சு வேதியியலாளர் மிசேல் செவ்ரல் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொழுப்புகளை ஆராய்ந்து கொழுப்பு அமிலங்களைப் பிரித்தறிந்தார். இதன் பயனாக, கடினமானதும் வாடையற்றதுமான இசுடியரின் மெழுகுவர்த்திகள் தோன்றின. 1850இல் இசுக்கொட்லாந்தைச் சேர்ந்த ஜேம்ஸ் யங் நிலக்கரியிலிருந்து பாரபின் பெறும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். பின்னர் பெட்ரோலியத்திலிருந்து பெறப்பட்ட பாரபின் மலிவான மெழுகாகப் பரவியது. 1990களில் ஐக்கிய அமெரிக்காவில் சோயா அவரை எண்ணெயிலிருந்து செய்யப்பட்ட சோயா மெழுகு அறிமுகமானது. குறைந்த வெப்பத்தில் உருகுவதால் இது வீட்டில் செய்வோரிடையே விரைவில் பரவியது.

எரியும் முறை

மெழுகுவர்த்தியில் எரிவது திரி மட்டுமன்று. சுடரின் வெப்பத்தால் மெழுகு உருகி, நுண்புழைக் கவர்ச்சியால் திரியின் வழியே மேலேறி, ஆவியாகி, அந்த ஆவியே எரிகிறது. மைக்கேல் பாரடே 1860-61இல் இலண்டன் ரோயல் இன்ஸ்டிடியூசனில் (Royal Institution) இளையோருக்கு ஆற்றிய தொடர் விரிவுரைகளில் இதனைச் சோதனைகள் மூலம் விளக்கினார்.

மணம் பெரும்பாலும் சுடரிலிருந்து வருவதில்லை. சுடரைச் சுற்றித் தேங்கும் உருகிய மெழுகுக் குளத்திலிருந்து எண்ணெய் ஆவியாவதாலேயே மணம் பரவுகிறது. எனவே குளம் அகலமாக அமைந்தால் மணம் நன்கு பரவும். எண்ணெயை வரம்பின்றிக் கூட்டுவதால் மணம் கூடாது. மாறாக மெழுகில் கலவாது எஞ்சும் எண்ணெய் வியர்வை போல் வெளியேறும், திரியையும் அடைக்கும்.

மூலப்பொருட்கள்

மெழுகு: கலத்தில் ஊற்றுவதற்கான சோயா மெழுகு ஏறத்தாழ 50 பாகை செல்சியஸ் அளவில் உருகத் தொடங்கும். தேன்மெழுகின் உருகுநிலை 62 முதல் 64 பாகை. பாரபின் பல தரங்களில் கிடைக்கிறது. தேன்மெழுகுக்கு இயல்பான மணம் உண்டு என்பதால் மெல்லிய நறுமணங்கள் அதில் எடுபடுவதில்லை.

திரி: பின்னப்பட்ட பருத்தித் திரியே பெரிதும் பயன்படுகிறது. பின்னலின் காரணமாகத் திரியின் நுனி எரியும்போது வளைந்து, சுடரின் வெளிவிளிம்பை அடைந்து எரிந்து தீர்கிறது. நிமிர்ந்து நிற்பதற்காக ஈயக் கம்பி வைக்கப்பட்ட திரிகள் எரியும்போது ஈயத்தைக் காற்றில் கலந்தன. ஐக்கிய அமெரிக்கா 2003இல் அவற்றைத் தடை செய்தது. உள்ளே இருப்பது என்னவென்று தெரியாத உலோகத் திரிகளைத் தவிர்ப்பது நன்று.

நறுமணப் பொருள்: நீலகிரித் தைலம், எலுமிச்சம்புல் எண்ணெய், லாவெண்டர் எண்ணெய் போன்ற தாவர எண்ணெய்களோ, மெழுகுவர்த்திக்கென உருவாக்கப்பட்ட செயற்கை எண்ணெய்களோ பயன்படுகின்றன. உடலில் தெளித்துக்கொள்ளும் வாசனைத் திரவியங்களில் எளிதில் தீப்பற்றும் ஆல்ககால் இருப்பதால் அவற்றை ஒருபோதும் கலக்கலாகாது.

கலம்: வெப்பம் தாங்கும் கண்ணாடி, தகரம், மெருகிட்ட பீங்கான் ஆகியவை ஏற்றவை. விரிசல் உள்ள கலமும், மெல்லிய குடிநீர்க் கண்ணாடிக் குவளையும் வெடிக்கக்கூடும். மரம், சிரட்டை போன்றவை தாமே தீப்பற்றக்கூடியவை.

அளவு கணித்தல்

மெழுகின் அடர்த்தி நீரை விடச் சற்றுக் குறைவு, ஏறத்தாழ 0.9 எனக் கொள்ளலாம். கலத்தில் நிரப்ப வேண்டிய உயரம்வரை நீரை ஊற்றி அளந்தால் தேவையான எடை கிடைக்கும். எடுத்துக்காட்டாக, 200 மில்லிலிட்டர் நீர் கொள்ளும் கலத்துக்கு 180 கிராம் கலவை போதும். 100 கிராம் மெழுகுக்கு 8 கிராம் எண்ணெய் என்ற விகிதத்தில் இது ஏறத்தாழ 167 கிராம் மெழுகும் 13 கிராம் எண்ணெயும் ஆகும். பொதுவாக 6 முதல் 10 விழுக்காடு எண்ணெய் சேர்க்கப்படுகிறது. எண்ணெய்களின் அடர்த்தி வேறுபடுவதால் கரண்டியால் அளக்காமல் தராசில் நிறுப்பதே சரியான முறை.

செய்முறை

1. கலத்தைக் கழுவி ஈரமின்றித் துடைத்து, திரியின் தகட்டை அடியின் நடுவில் ஒட்ட வேண்டும். மேல்நுனியை ஒரு குச்சியில் கட்டிக் கலத்தின் வாயில் கிடத்தினால் திரி நிமிர்ந்து நிற்கும்.

2. மெழுகுப் பாத்திரத்தைக் கொதிநீர் உள்ள பெரிய பாத்திரத்தினுள் வைத்து உருக்க வேண்டும். நீர் 100 பாகைக்கு மேல் சூடேறாது என்பதால் மெழுகும் அதனைத் தாண்டாது. நீர் வற்றாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

3. சோயா மெழுகாயின் 80 முதல் 85 பாகை அளவில் அடுப்பிலிருந்து இறக்கி, எண்ணெயைச் சேர்த்து இரண்டு நிமிடம் மெதுவாகக் கலக்க வேண்டும். வேகமாக அடித்தால் காற்றுக்குமிழிகள் சேரும்.

4. சற்று ஆறவிட்டுக் கலத்தில் ஊற்ற வேண்டும். ஊற்றுவதற்கான வெப்பநிலை மெழுகுக்கு மெழுகு வேறுபடும். பாரபின் ஆறும்போது சுருங்கி நடுவில் குழி விழும். சிறிது மெழுகை எடுத்துவைத்து அக்குழியை நிரப்பலாம்.

5. ஆறியபின் திரியை 6 மில்லிமீட்டர் விட்டு நறுக்க வேண்டும். சோயா மெழுகுவர்த்தியை ஒன்று முதல் இரண்டு வாரங்கள் மூடி வைத்திருந்து ஏற்றினால் மணம் கூடும் என்பர்.

குறைகளும் காரணங்களும்

திரி மெல்லியதாயின் நடுப்பகுதி மட்டும் உருகிக் கிணறு போல் பள்ளம் விழும். சுடர் மெழுகில் மூழ்கி அணையவும் கூடும். திரி தடித்ததாயின் சுடர் உயர்ந்து கரி படியும், கலமும் அளவுக்கு மீறிச் சூடாகும். நிறத்துக்காக மெழுகு வண்ணக்கோல்களைக் கரைத்தால் அவற்றின் நிறமித் துகள்கள் திரியை அடைக்கும். சோயா மெழுகின் மேல் தோன்றும் வெண்பூச்சு அம்மெழுகு படிகமாவதால் உண்டாவது. எரிதலை அது பாதிப்பதில்லை.

பாதுகாப்பு

உருகும் மெழுகை விட்டு அகலலாகாது. மெழுகு புகையத் தொடங்கினால் உடனே அடுப்பை அணைக்க வேண்டும். மெழுகு தீப்பற்றினால் நீர் ஊற்றவே கூடாது. நீர் மெழுகைவிட அடர்த்தி மிகுந்தது. அது அடியில் சென்று நொடியில் ஆவியாகி விரிந்து, எரியும் மெழுகை அறையெங்கும் வாரியிறைக்கும். அடுப்பை அணைத்துப் பாத்திரத்தை உலோக மூடியால் மூடி, ஆறும்வரை திறக்காதிருப்பதே சரியான வழியாகும். எஞ்சிய மெழுகைக் கழுவுதொட்டியில் ஊற்றினால் குழாயில் உறைந்து அடைக்கும்.

ஏற்றிய மெழுகுவர்த்தியைத் திரைச்சீலை, காற்றோட்டத்தின் வழி, குழந்தைகளின் கையெட்டும் இடம் ஆகியவற்றிலிருந்து விலக்கி வைக்க வேண்டும். ஒரு முறைக்கு 4 மணி நேரத்துக்கு மேல் எரிப்பதும், அடியில் சிறிதளவு மெழுகு எஞ்சியபின் எரிப்பதும் கலத்தை வெடிக்கச் செய்யலாம். அழகுக்காக மேலே பதிக்கப்படும் உலர்ந்த மலர்களும் இலைகளும் இரண்டாவது திரியாக மாறித் தீப்பற்றுவதால் அவற்றைத் தவிர்த்தல் வேண்டும். புதிய அளவில் செய்த மெழுகுவர்த்தியைப் பிறருக்குப் பரிசளிக்கும் முன், செய்தவரே ஒன்றை அடிவரை எரித்துச் சோதிப்பது இக்கலையில் பின்பற்றத்தக்க வழக்கமாகும்.